டோக்கியோ: மேட்டு நகரும் கீழ் நகரும்

டோக்கியோவில் தங்கியிருந்த நாட்களில் எனக்கு இடம் தந்து உபசரித்தவர் பேருவளையைச் சேர்ந்த ஒரு தம்பி. பழைய வாகனங்களை வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழில் செய்பவர். இருபது வருடங்களாக அங்கேயே வாழ்கிறார். முதல் மூன்று நாட்களும் ஷிபுயா, ஷிஞ்ஜுகு, கின்சா என்று பிரகாசமான வீதிகளுக்கு அவரே அழைத்துச் சென்றார். நான்காம் நாள் காலை, சுமிதா ஆற்றுப் பக்கமும் மினாமி-செஞ்ஜு பக்கமும் நடந்து பார்க்க விரும்புகிறேன் என்றபோது சற்றுத் தயங்கினார்.

"அங்க பாக்க ஒண்டும் இல்ல நானா. ஒரு கோபுரம் இரிக்கி, ஒரு பெரிய கோயில் இரிக்கி. அதுக்குப் பொறகு பழைய ஊடுகளும் வயசாளிகளும்தான்" என்றார்.

அவர் சொன்னதில் தவறில்லை. சுற்றுலா வழிகாட்டி நூல்களும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. ஆனால், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஒதுக்கப்படும் இடங்களில்தான் ஒரு நகரம் தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பாத செய்திகள் கிடக்கின்றன. அந்த நான்காம் நாளிலும் அதைத் தொடர்ந்த நாட்களிலும் நான் கண்டவற்றை, அவற்றின் பின்னாலுள்ள வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மண்ணின் அமைப்பு

ஷிபுயாவிலிருந்து அசாகுசா வரை செல்லும் ரயில்பாதைக்கு கின்சா வழி என்று பெயர். 14.3 கிலோமீற்றர் நீளமும் 19 நிலையங்களும் கொண்டது. 1927இல் அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையில் அதன் முதற்பகுதி திறக்கப்பட்டபோது, ஆசியாவின் முதலாவது சுரங்க ரயில் அதுவாகவே இருந்தது. இந்த ரயிலில் ஒரு விசித்திரம் உண்டு. அசாகுசாவில் நிலத்துக்கு அடியில் ஏறுகிறோம். வழி முழுவதும் நிலத்துக்கு அடியிலேயே போகிறோம். ஷிபுயாவை அடைந்ததும் அதே ரயில் கட்டடங்களின் மூன்றாம் மாடி உயரத்தில் வெளியே வந்து நிற்கிறது. ரயில் மேலே ஏறிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நிலம்தான் கீழே இறங்கியிருக்கிறது. ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. அதன் பெயரில் வரும் ‘யா’ என்பதற்கே பள்ளத்தாக்கு என்றுதான் பொருள்.

டோக்கியோவைப் புரிந்துகொள்ள இந்த மேடு பள்ளங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். நகரின் மேற்குப் பாதி முசாஷினோ மேட்டு நிலத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. கிழக்குப் பாதி ஆறுகள் கொண்டுவந்த வண்டலிலும், கடலை நிரப்பி எடுத்த நிலத்திலும் இருக்கிறது. மேட்டுப் பகுதியை ‘யாமனோதே’ என்றும் தாழ்ந்த பகுதியை ‘ஷிதாமாச்சி’ என்றும் ஜப்பானியர் அழைக்கின்றனர். நாம் மேட்டு நகர், கீழ் நகர் என்று சொல்லலாம்.

தொக்குகாவா இயெயாசு 1590இல் இங்கு வந்தபோது எதோ என்ற பெயரோடு இருந்த இந்த ஊரில் கோட்டையின் காலடிவரை கடல் நீண்டிருந்தது. 1603இல் ஷோகுன் ஆட்சி நிறுவப்பட்ட பின்னர் கண்டா குன்றை வெட்டி, அந்த மண்ணால் ஹிபியா குடாவை நிரப்பினர். மேட்டு நிலம் சாமுராய்ப் பிரபுக்களுக்கு வழங்கப்பட்டது. நிரப்பிய நிலத்திலும் ஆற்றோரத்திலும் வணிகரும் கைவினைஞரும் கூலிகளும் குடியமர்ந்தனர். மாகாணப் பிரபுக்கள் மாறிமாறித் தலைநகரில் வந்து வசிக்க வேண்டும் என்ற விதி 1635இல் முறைப்படுத்தப்பட்டதும் அவர்களது மாளிகைகள் மேடுகளை நிரப்பின. 18ஆம் நூற்றாண்டில் எதோவின் சனத்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சாதாரண நகரவாசிகள். ஆனால் நிலத்தின் கணக்கு வேறு. ஆட்சி கவிழ்ந்த பின் எடுக்கப்பட்ட அளவீட்டின்படி நகர நிலத்தில் ஏறத்தாழ 70 வீதம் சாமுராய்களுக்கு உரியதாக இருந்தது. கோயில்களுக்கு 15 வீதம். மிகுதி 15 வீதத்தில்தான் நகரவாசிகளான பாதிச் சனத்தொகை நெருங்கிக் கிடந்தது.

இன்று மேட்டு நகரில் நடக்கும்போது காணும் பசுமை அந்தப் பங்கீட்டின் எச்சமாகும். ஷிஞ்ஜுகு பூங்கா நைத்தோ குடும்பத்தின் நிலமாக இருந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹோங்கோ வளாகம் மயேதா குடும்பத்தின் மாளிகைத் தோட்டம். 1827இல் எழுப்பப்பட்ட அவர்களது சிவப்பு வாயில் இன்றும் அங்கே நிற்கிறது. பெருந்தோட்டங்கள் பூங்காக்களாகவும் தூதரகங்களாகவும் பல்கலைக்கழகங்களாகவும் மாறின. கீழ் நகரின் ஒடுங்கிய சந்துகளுக்கு அப்படி மாறுவதற்கு எதுவும் இருக்கவில்லை. அவை எரிந்தன. மீண்டும் கட்டப்பட்டன. மீண்டும் எரிந்தன.

மேட்டில் ஒரு பள்ளிவாசல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு யோயோகி-உயேஹாரா சென்றோம். மேட்டு நகரின் அமைதியான, வசதியான குடியிருப்புப் பிரதேசம். வீதியோரத்தில் துருக்கிய பாணியில் எழுந்து நிற்கும் டோக்கியோ ஜாமியைக் காண்பவர்கள் அது செல்வந்த நாடொன்றின் அன்பளிப்பு என்று நினைப்பார்கள். தற்போதைய கட்டடத்தைப் பொறுத்தவரை அது சரிதான். துருக்கியின் ஆதரவில் கட்டப்பட்டு 2000இல் திறக்கப்பட்டது அது. ஆனால் அதே இடத்தில் முதலாவது பள்ளிவாசல் 1938 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் ஜமாஅத்தார் ரஷ்யப் புரட்சிக்குப் பின் அடைக்கலம் தேடி வந்த தாத்தாரிய முஸ்லிம்கள். அவர்களில் பலர் துணிப் பொட்டணி சுமந்து வீடு வீடாக விற்றுப் பிழைத்தவர்கள். எங்கள் முன்னோர்கள் சிங்களக் கிராமங்களில் செய்த அதே தொழில். அந்தச் சிறு சமூகம் தமக்கென ஓர் அச்சகம் வைத்திருந்தது. 1934இல் டோக்கியோவிலேயே குர்ஆனை அச்சிட்டது.

பள்ளிவாசல் எழுந்ததில் அகதிகளின் பக்தி மட்டும் இருக்கவில்லை. ஜப்பானியப் பெருவணிகர்களின் பணமும், ஆசிய முஸ்லிம்களைத் தம் பக்கம் ஈர்க்க நினைத்த இராணுவ, அரசியல் வட்டாரங்களின் கணக்கும் அதில் இருந்தன. சமூகத்தின் தலைவராக இருந்த குர்பான் அலி, திறப்பு விழாவுக்குச் சற்று முன்னர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். முதல் இமாமாக இருந்தவர் அப்துர் ரஷீத் இப்ராஹிம். 1908-09 காலத்தில் ஜப்பானுக்கு வந்து, தாம் கண்டவற்றைத் தம் பயண நூலில் விரிவாக எழுதியவர் அவர். மீண்டும் வந்து 1944இல் டோக்கியோவிலேயே மரணமடைந்தார். பழைய கட்டடம் பழுதடைந்து 1986இல் இடிக்கப்பட்டது.

தொழுகை முடிந்து வெளியே வந்தபோது தம்பி சொன்னார்: "நாங்க வழமையா இங்க வாறதில்ல நானா. வேலைக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்குத்தான் போறது." அவர் சொன்னதும் எனக்கு ஒன்று விளங்கியது. 1980களின் இறுதியில் பாகிஸ்தானியரும் பங்களாதேஷியரும் தொழில் தேடிப் பெருந்தொகையில் ஜப்பான் வந்தனர். 1989 ஜனவரியில் அவர்களுக்கான விசா விலக்கு இடைநிறுத்தப்பட்டது. வந்து சேர்ந்தவர்கள் சிறு தொழிற்சாலைகளிலும் கட்டட வேலைகளிலும் உழைத்தனர். 1990களில் அவர்கள் தமது சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தால் பழைய கட்டடங்களை வாங்கிப் பள்ளிவாசல்களாக்கினர். அத்தகைய பள்ளிவாசல்களுள் ஒன்று கீழ் நகரில், அசாகுசாவுக்கு வடக்கே இருக்கிறது. நான்கு பக்கமும் சிறு வீடுகளும் பட்டறைகளும் சூழ, மினாரா இல்லாமல், பெயர்ப்பலகையைக் கொண்டே இனங்காண வேண்டிய கட்டடம். ஒரே நகரம், ஒரே தொழுகை. இருந்தும் மேட்டில் ஒரு விதம், கீழே வேறு விதம். பின்னர் அந்தப் பள்ளிவாசலைத் தேடிச் சென்றபோதுதான் அதன் சுற்றுப்புறம் எது என்பதை அறிந்தேன். அதுதான் சன்யா.

கண்ணீர்ப் பாலம்

இன்றைய வரைபடங்களில் சன்யா என்ற பெயர் இல்லை. 1966இல் விலாசங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது அந்தப் பெயர் நீக்கப்பட்டது. கியோகாவா, நிஹோன்சுத்துமி, ஹிகாஷி-அசாகுசா ஆகிய பெயர்களுக்குள் அந்த இடம் மறைந்துபோனது. ஆனால் முதியவர்களிடம் கேட்டால் கையைக் காட்டி வழி சொல்வார்கள்.

மினாமி-செஞ்ஜு புகையிரத நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஒரு கோயிலும், பன்னிரண்டடி உயரமான கற்சிலை ஒன்றும் இருக்கின்றன. எதோ காலத்தில் கொசுகாப்பாரா என்னும் கொலைக்களம் இங்கே இருந்தது. இருநூறு வருடங்களுக்கு மேலாக இங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1741இல் வைக்கப்பட்ட அந்தச் சிலை தண்டிக்கப்பட்டோரின் ஆன்மாக்களுக்கானது. பின்னாளில் அந்த நிலத்தை ஊடறுத்து ரயில்பாதைகள் போடப்பட்டன.

ஜப்பானிய மருத்துவ வரலாற்றில் இந்த இடத்துக்கு முக்கிய இடமுண்டு. 1771இல் சுகித்தா கென்பாக்கு, மயேனோ ரியோதாக்கு ஆகிய மருத்துவர்கள், தண்டிக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடல் இங்கே அறுக்கப்படுவதைப் பார்க்க வந்தனர். ஒல்லாந்த மொழியிலிருந்த உடற்கூற்று நூலொன்று அவர்கள் கையில் இருந்தது. நூலின் படங்களும் கண்ணெதிரே கிடந்த உறுப்புகளும் அப்படியே ஒத்திருப்பதைக் கண்டு வியந்தனர். அந்த நூலை மொழிபெயர்த்து 1774இல் வெளியிட்டனர். ஜப்பானில் மேற்கத்திய அறிவியல் வேரூன்றுவதற்கு அது பெரும் தூண்டுகோலாயிற்று. கோயிலில் இதற்கு ஒரு நினைவுக்கல் உண்டு.

ஆனால் உடலை அறுத்தவர் மருத்துவர் அல்லர். தோல் வேலை, தண்டனைப் பணிகள் என்பவற்றுக்கென்று ஒதுக்கப்பட்டு, தீண்டத்தகாதவராக நடத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தொண்ணூறு வயது முதியவர் அவர். இளமையிலிருந்தே பல உடல்களை அறுத்தவர். இது இதயம், இது ஈரல், இது வயிறு என்று மருத்துவர்களுக்குச் சுட்டிக்காட்டியவர். பெயர் தெரியாத உறுப்புகளைக்கூட, இவை எல்லா உடலிலும் இதே இடத்தில்தான் இருந்தன என்று எடுத்துக் காட்டியவர். இவற்றையெல்லாம் சுகித்தாவே தம் முதுமையில் நேர்மையாக எழுதி வைத்திருக்கிறார். எனினும் அந்த முதியவரின் பெயர் அவரது குறிப்பிலும் இல்லை. தோராமாத்சு என்பவரின் பாட்டனார் என்ற அளவோடு வரலாறு அவரை விட்டுவிட்டது.

அங்கிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் ஒரு நாற்சந்தி வரும். நமிதாபாஷி, அதாவது கண்ணீர்ப் பாலம். தண்டனைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் உறவினரிடம் விடைபெற்ற இடம் என்று சொல்லப்படுகிறது. கீழே ஓடிய நீரோடை மூடப்பட்டுவிட்டது. பாலமும் இல்லை. பேருந்துத் தரிப்பிடத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. அந்தச் சந்தியோடு சன்யா தொடங்குகிறது.

போருக்குப் பின்னர் இது நாட்கூலிகளின் குடியிருப்பாயிற்று. 1960களின் முற்பகுதியில் இருநூறுக்கு மேற்பட்ட மலிவு விடுதிகளில் சுமார் 15,000 பேர் தங்கியிருந்தனர். விடியற்காலையில் தரகர்கள் வாகனங்களோடு வந்து ஆட்களை ஏற்றிச் செல்வார்கள். 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிக்காக டோக்கியோவில் எழுந்த நெடுஞ்சாலைகளிலும் மைதானங்களிலும் அவர்களது உழைப்பு இருக்கிறது. மேட்டு நகரில் மூன்று நாட்களாக நான் அண்ணாந்து பார்த்தவற்றைக் கட்டியவர்கள் இரவில் வந்து படுத்த இடம் இது. கூலித் தரகில் பாதாளக் கும்பல்களின் பிடி இறுகியிருந்தது. அதை ஆவணப்படமாக எடுக்கத் தொடங்கிய சத்தோ மித்சுவோ 1984 டிசம்பரில் குத்திக் கொல்லப்பட்டார். அப்படத்தை முடித்த யமாஓக்கா கியோய்ச்சி 1986 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990களில் பொருளாதாரம் சரிந்ததும் வேலை குறைந்தது. இளைஞர்களாக வந்தவர்கள் அங்கேயே முதுமையடைந்தனர். அவர்களது விடுதிகள் சிலவற்றில் இப்போது வெளிநாட்டு இளம் பயணிகள் தங்குகிறார்கள்.

சன்யாவிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் மினோவாவில் ஜோகன்-ஜி என்ற கோயில் உண்டு. அருகில் இருந்த யோஷிவாரா என்னும் பரத்தையர் குடியிருப்பு, 1657ஆம் ஆண்டுத் தீக்குப் பின் நகரின் மத்தியிலிருந்து இங்கே மாற்றப்பட்டது. ஏழைப் பெற்றோரால் கடனுக்கு விற்கப்பட்டு, அங்கே இறந்து, உறவினர் வந்து கேட்காத பெண்கள் இந்தக் கோயிலில் கொண்டுவந்து போடப்பட்டனர். மக்கள் இதை ‘வீசியெறியும் கோயில்’ என்றே அழைத்தனர். சுமார் 25,000 பெண்கள் இங்கே அடக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. மேட்டு நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் கீழ் நகரின் சந்துகளில் அலைந்து எழுதிய நகாய் கபூ (1879-1959) தம்மை இந்தப் பெண்களின் பக்கத்தில் அடக்க வேண்டும் என்று விரும்பினார். அது நிறைவேறவில்லை. அவருக்கு ஒரு நினைவுக்கல் மட்டும் அங்கே இருக்கிறது. அதே வளாகத்தில், சன்யாவில் தனியே இறந்த கூலிகளுக்காக ‘சூரியகாந்தி ஜிசோ’ என்ற சிறு சிலையும் உண்டு. கூலியின் தொப்பியோடு அது நிற்கிறது.

யோஷிவாராவின் பின்புறத்தில்தான் ஹிகுச்சி இச்சியோ (1872-1896) 1893இல் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். தந்தையை இழந்து, தாயையும் தங்கையையும் காப்பாற்றுவதற்காகக் கடை வைத்த இளம்பெண். அந்த வீதியின் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எழுதிய கதையால் நவீன ஜப்பானிய இலக்கியத்தில் நிலைத்தார். இருபத்துநான்கு வயதில் காசநோயால் மரணமடைந்தார். 2004இல் 5,000 யென் நாணயத்தாளில் அவரது முகம் அச்சிடப்பட்டது. 2024இல் புதிய தாள் வரும்வரை புதிதாக அச்சான தாள்களில் அவரே இருந்தார். வாழ்நாள் முழுவதும் கடனில் இருந்த பெண்ணுக்கு அரசு செய்த மரியாதை இது.

யோகோஅமிச்சோ

அசாகுசாவிலிருந்து சுமிதா ஆற்றைக் கடந்து தெற்கே நடந்தால் ரியோகோக்கு வரும். 1657ஆம் ஆண்டுத் தீயில் ஒரு இலட்சம் பேர் வரை மாண்டதாகக் கூறப்படுகிறது. பாதுகாப்பைக் கருதி ஷோகுன் ஆட்சியினர் நகரின் பக்கத்தில் ஆற்றுக்குப் பாலம் கட்டாமல் விட்டிருந்தனர். தீக்குத் தப்பி ஓடியவர்கள் கரையில் அகப்பட்டுக்கொண்டனர். அதன் பின்னரே ரியோகோக்குப் பாலம் கட்டப்பட்டது. உரிமை கோர ஆளில்லாத உடல்களை அடக்கி எகோ-இன் என்னும் கோயில் நிறுவப்பட்டது. எரிந்த கோட்டைக் கோபுரத்தைத் திரும்பக் கட்ட வேண்டாம், நகரைக் கட்டுவோம் என்று ஹோஷினா மசயுக்கி ஆலோசனை சொன்னார். அந்தக் கோபுரம் இன்றுவரை கட்டப்படவில்லை.

எகோ-இன்னிலிருந்து வடக்கே சிறிது தூரத்தில் யோகோஅமிச்சோ பூங்கா இருக்கிறது. டோக்கியோவில் ஓர் இடத்தை மட்டும்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். 1923 செப்டம்பர் 1ஆம் திகதி, முற்பகல் 11.58. மதியச் சமையலுக்கு அடுப்பு மூட்டியிருந்த வேளை நிலம் அதிர்ந்தது. பலத்த காற்று வீசிக்கொண்டிருந்தது. கீழ் நகரின் மரவீடுகளில் தீ பரவியது. இராணுவ உடைக் களஞ்சியம் இருந்த வெற்று நிலமாகிய இந்த இடத்துக்கு மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஓடி வந்தனர். அந்தச் சாமான்களிலேயே தீப்பற்றியது. நெருப்புச் சுழல் எழுந்தது. இந்த ஒரே திடலில் சுமார் 38,000 பேர் மாண்டனர். பூகம்பத்தில் மொத்தமாக இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 105,000 பேர்.

1930இல் இங்கே ஒரு நினைவு மண்டபம் கட்டப்பட்டது. பதினைந்து வருடங்களில் அது போதாமற்போனது. 1945 மார்ச் 10 அதிகாலையில் 279 பி-29 விமானங்கள் அசாகுசா, ஹோஞ்ஜோ, புகாகாவா பிரதேசங்கள் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. சுமார் ஒரு இலட்சம் பேர் ஓர் இரவில் இறந்தனர். பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர். நெருக்கமான மரவீடுகள் என்பதாலேயே கீழ் நகர் தெரிவு செய்யப்பட்டது. 1941இல் திருத்தப்பட்ட வான்காப்புச் சட்டம், தீயை விட்டு ஓடாமல் நின்று அணைக்க வேண்டும் என்று மக்களைக் கட்டாயப்படுத்தியிருந்தது. எதிரியின் குண்டும் சொந்த அரசின் சட்டமும் சேர்ந்தே அவர்களைக் கொன்றன. அதற்கு முன்னர் 1938 முதல் ஜப்பானிய விமானங்கள் சீனாவின் சோங்கிங் நகர மக்களுக்குச் செய்ததும் இதுதான். மேட்டு நகரும் தப்பவில்லை. மே 25 இரவு ஓமோதெசாந்தோ வீதியில் எண்ணற்றோர் கருகினர். ஆனால் இறப்பின் பெரும் சுமை கீழ் நகரிலேயே விழுந்தது.

நினைவு மண்டபத்தில் இரு அழிவுகளிலும் மாண்ட சுமார் 163,000 பேரின் அஸ்தி இருக்கிறது. 2001இல் பூங்காவில் மலர்களால் மூடிய ஒரு மேடை அமைக்கப்பட்டது. அதனுள்ளே 1945ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் இறந்தோரின் பெயரேடுகள், 80,000க்கு மேற்பட்ட பெயர்களோடு, வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர்கள் சேர்ந்தன, நீதி சேரவில்லை. போர்வீரருக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் அரசு உதவிப்பணம் வழங்கியது. குண்டுவீச்சில் அகப்பட்ட பொதுமக்களுக்கு எதுவுமில்லை. உயிர்பிழைத்தோர் 2007இல் வழக்குத் தொடர்ந்தனர். 2013இல் உயர் நீதிமன்றத்திலும் அது தோற்றது. இதே அரசு, 1964இல், அந்தக் குண்டுவீச்சை நடத்திய அமெரிக்கத் தளபதி லெமேக்கு, ஜப்பானிய விமானப் படையைக் கட்டியெழுப்ப உதவியமைக்காக உயர் விருது வழங்கியது.

பூங்காவில் இன்னொரு கல்லும் இருக்கிறது. 1973இல் நிறுவப்பட்டது. அதில் பெயரேடு இல்லை. 1923ஆம் ஆண்டுப் பூகம்பத்தின் பின் கொல்லப்பட்ட கொரியர்களுக்கான நினைவுக்கல் அது. கொரியா 1910இல் ஜப்பானோடு இணைக்கப்பட்ட பின், பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். கொரியர் கிணறுகளில் நஞ்சிடுகின்றனர், தீ வைக்கின்றனர் என்று வதந்தி பரவியது. அதிகாரிகளே அதைப் பரப்பியமைக்கு ஆதாரங்கள் உள்ளன. வீதிக்கு வீதி காவற்குழுக்கள் தடியும் வாளும் ஏந்தி நின்றன. வழியில் போவோரை நிறுத்தி, ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். ‘ஜுகோ-என் கொஜிஸ்-சென்’. சொல்லின் முதலில் வரும் ‘ஜ’ ஒலி கொரிய நாவில் ‘ச’ போலத் திரிந்துவிடும். திரிந்தால் மரணம். சீனரும், வட்டார வழக்கில் பேசிய வெளியூர் ஜப்பானியரும்கூட இவ்வாறு கொல்லப்பட்டனர்.

நாவில் வரும் ஒரு சொல்லை வைத்து உயிரை எடுப்பது எப்படி நடக்கும் என்பதை இலங்கையில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கல்லின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றேன்.

கொல்லப்பட்டோரின் தொகை இன்றும் சர்ச்சைக்குரியது. சில நூறு முதல் ஆறாயிரத்துக்கு மேல் வரை கூறப்படுகிறது. அரசாங்கத்தின் அனர்த்த முகாமைத்துவ சபையின் நிபுணர் குழு 2008இல் தந்த அறிக்கை, பூகம்பத்தில் இறந்தோரில் ஒன்றிலிருந்து சில வீதத்தினர் கொலையுண்டவர்கள் என்று மதிப்பிட்டது. அப்படியிருக்க, 2023இல் நூறாண்டு நிறைவின்போது, இதை உறுதிப்படுத்தும் ஆவணங்கள் அரசாங்கத்திடம் இல்லை என்று அமைச்சரவைச் செயலாளர் கூறினார். ஒவ்வொரு செப்டம்பர் 1ஆம் திகதியும் இந்தக் கல்லின் முன் நடைபெறும் நிகழ்வுக்கு டோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்பி வந்தனர். கொய்கே யூரிகோ 2016இல் அனுப்பினார். 2017இலிருந்து நிறுத்திவிட்டார். பூகம்பத்தில் இறந்த எல்லோருக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்துவதாக அவர் விளக்கம் தருகிறார். நிலநடுக்கம் கொன்றவர்களையும் மனிதர்கள் கொன்றவர்களையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்பது அந்த விளக்கத்தின் பொருள்.

ஆற்றங்கரையில்

சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே நிலம் மேலும் தாழ்கிறது. தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை வரையறையின்றி உறிஞ்சியதால், 20ஆம் நூற்றாண்டில் சில இடங்கள் நான்கு மீற்றருக்கு மேல் அமிழ்ந்தன. இன்று பெரும் பரப்பொன்று கடல்மட்டத்துக்குக் கீழே, அணைகளை நம்பி இருக்கிறது. 2019இல் எதோகாவா பிரிவு நிர்வாகம் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், இங்கே இருக்க வேண்டாம் என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. தம் சொந்த மக்களைப் பார்த்து ஒரு நகர நிர்வாகம் அப்படி எழுத நேர்ந்ததை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. அதே கீழ் நகரில், சுமிதா பிரிவில், 2012இல் திறக்கப்பட்ட 634 மீற்றர் உயரமான வானக் கோபுரம் நிற்கிறது. தம்பி சொன்ன கோபுரம் அதுதான். அதன் உச்சியிலிருந்து பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றாய்ச் சமதளமாகத் தெரிகின்றன.

அன்றிரவு வீடு திரும்பியதும் தம்பி கேட்டார்: "என்ன நானா பாத்தீங்க?" பதினைந்து யென் ஐம்பது சென் கதையைச் சொன்னேன். இருபது வருடம் அந்த மொழியைப் பேசி வாழும் மனிதர். அந்தச் சொற்களைத் தமக்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எந்த இடத்தில நடந்தது?" என்று கேட்டார். அரகாவா அணைக்கட்டில், பழைய யொத்சுகிப் பாலத்தின் அருகில் என்றேன். "அந்தப் பக்கத்தாலதானே நான் கிழமைக்கு ரெண்டு தரம் வாகனம் கொண்டு போறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். 1910ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் கீழ் நகரைக் காப்பதற்காக வெட்டப்பட்ட 22 கிலோமீற்றர் நீளமான ஆறு அது. வெட்டியவர்களில் கொரியக் கூலிகளும் இருந்தனர். 1923இல் அதே கரையில் கொரியர்கள் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அயலிலுள்ள ஜப்பானியரும் கொரியரும் சேர்ந்து 1982இல் எலும்புகளைத் தேடிக் கரையைத் தோண்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை. 1923 நவம்பரிலேயே பொலிசார் தோண்டி எடுத்துச் சென்றுவிட்டதைப் பழைய பத்திரிகைகளிலிருந்து பின்னர் அறிந்தனர். ஆற்றங்கரையில் கல் நிறுத்த இடம் கிடைக்காததால், 2009இல் அணைக்கட்டின் கீழேயுள்ள ஒரு சிறு தனியார் நிலத்தில் தாமே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். சுற்றிலும் காசித்தும்பைச் செடிகள். அந்தப் பூ கொரியருக்குத் தாய்நாட்டின் நினைவு.

கல்லில் எழுதியிருந்ததைத் தம்பி எனக்கு மெதுவாக வாசித்துச் சொன்னார். பிறகு கையை ஏந்தி நின்றார். நானும் நின்றேன். மேலே பாலத்தில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.